முக்ததாரா: நீர்ச்சிறையும் ஆட்சியும்

தோற்றுவாய்

மலையிற் பிறந்த ஆறு கடலை அடையுமுன் பல நாடுகளைக் கடந்து செல்கின்றது. ஆற்றுக்கு எல்லை இல்லை. எல்லை வகுத்தவர் மக்களே. மேல்நாட்டார் கையில் நீரை நிறுத்தும் ஆற்றல் வந்து சேருமாயின், கீழ்நாட்டார் வாழ்வு அவர்தம் விருப்பத்தைச் சார்ந்ததாகி விடுகின்றது. இச்சார்பு நிலையை நாடகப் பொருளாக்கி, வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் 1922 ஆம் ஆண்டில் 'முக்ததாரா' என்னும் நாடகத்தை வெளியிட்டார். தளையினின்று நீங்கிய நீர்த்தாரை என்பது இப்பெயரின் பொருள். நாடகத்தில் வரும் அருவிக்கும் இதுவே பெயராகும்.

இந்நாடகத்தைப் பொறிக்கு எதிரான நாடகம் என்று கூறி அமைவது பலர் வழக்கம். இக்கருத்து முழுமையுடையதன்று என்பது எம் துணிபு. நாடகத்தின் பகைப்பொருள் யாது, அதன் வலிமை எங்குள்ளது, குறை எங்குள்ளது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். அந்நாடகம் எழுந்த வங்க மண்ணிலேயே பின்னர் உண்டான நீர்ச்சிக்கலையும் உடன்வைத்து நோக்குதும். இலக்கியம் கூறும் உண்மையை வாழ்க்கையோடு ஒத்திட்டுப் பார்த்தலும் திறனாய்வின் கடன் ஆகலின் என்க.

கதைப்போக்கு

உத்தரகூடம் என்பது ஒரு மலைநாடு. அதன் அரசன் இரணஜித். சிவதராய் என்பது அவன் ஆட்சிக்கு உட்பட்ட கீழ்நாடு. அந்நாட்டு மக்கள் உடையாலும் வழக்கத்தாலும் வேறுபட்டவர். உத்தரகூடத்தாரால் இழிவாக எண்ணப்படுபவர். பஞ்சத்தால் அவர்கள் வரி செலுத்த இயலாதவராயினர். அவர்களைப் பணிய வைத்தற்கு, முக்ததாரா அருவிக்கு அணையிட்டு நீரைத் தடுப்பதே வழி என அரசு கொள்கின்றது. அரசவைப் பொறிஞனாகிய விபூதி இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து அவ்வணையைக் கட்டி முடிக்கின்றான். அப்பணியில் வலிந்து ஈர்க்கப்பட்ட இளைஞர் பலர் மாண்டனர். அம்பா என்னும் தாய் தன் மகன் சுமன் திரும்பி வருவான் என்று வழியெல்லாம் தேடித் திரிகின்றாள்.

இளவரசன் அபிஜித் சிவதராயை ஆளுமாறு அனுப்பப்பட்டிருந்தவன். அவன் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த நந்திக் கணவாயைத் திறந்து விடுகின்றான். அதனால் சிவதராய் மக்கள் தம் பொருளை வெளியூர்களுக்குக் கொண்டு சென்று விற்க வழி பிறக்கின்றது, உத்தரகூடத்தார் சினங்கொள்கின்றனர். தான் அரசன் வயிற்றிற் பிறந்தவன் அல்லன், முக்ததாரா அருவியருகே கண்டெடுக்கப்பட்ட மகவு என்பதனை அபிஜித் அறிகின்றான். அருவியின் ஒலியே தாயின் குரலாக அவனுக்குத் தோன்றுகின்றது. சிறைப்பட்ட அவன் தீயால் எழுந்த குழப்பத்தில் வெளியேறி, அணையில் வலுக்குறைந்த இடம் ஒன்றை அறிந்து தாக்குகின்றான். அணை உடைகின்றது. நீர் அவனையும் உடன்கொண்டு செல்கின்றது.

நிகழ்ச்சி முழுவதும் பைரவர் கோயிலுக்குச் செல்லும் வழியில், ஒரே நாளில் நடைபெறுகின்றது. அணையை நாம் மேடையில் காண்பதில்லை. கோயில் முடியை விஞ்சி வானில் நிற்கும் அதன் இரும்புத் தலை மட்டும் தொலைவில் தெரிகின்றது. உடைப்பையும் காண்பதில்லை, இருளில் நீரின் ஓசை கேட்கின்றது. காணாப் பொருளைக் கொண்டே அச்சத்தையும் விடுதலையையும் உணர்த்திய இவ்வமைப்பு நாடகத்தின் தலையாய நலங்களுள் ஒன்று.

பகைப்பொருள் யாது?

பொறியே இந்நாடகத்தின் பகைப்பொருள் என்பார்க்குச் சான்று இல்லாமலில்லை. கோயிலினும் உயர்ந்து நிற்கும் இரும்புத் தலை அச்சந் தருவதாகவே காட்டப்படுகின்றது. உத்தரகூடத்தார் தெய்வத்தை மறந்து பொறியைப் போற்றத் தலைப்படுகின்றனர். ஆயினும், விபூதியின் உள்ளத்தை ஆசிரியர் அமைத்திருக்கும் வகையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இளவரசனின் தூதன், அணையால் வாடும் உழவரைப் பற்றி வினவும்போது, எந்த உழவனுடைய எந்தப் பயிர் அழியும் என்று எண்ணிப் பார்க்கத் தனக்குப் பொழுதில்லை எனவும், மணலும் கல்லும் நீரும் செய்த சூழ்ச்சியை மாந்தர் அறிவு வென்றது என்பதே தன் நோக்கம் எனவும் விபூதி கருத்துரைக்கின்றான். இறைவன் அவர்கட்கு நீரைத் தந்தான், தனக்கு அந்நீரைக் கட்டும் ஆற்றலைத் தந்தான் என்பதும் அவன் எண்ணம்.

விபூதி சிவதராய் மக்களைப் பகைப்பவன் அல்லன், அவர்களை நினையாதவன். பகைமை அரசனிடத்தும் குடிமக்களிடத்தும் உள்ளது. அறிவு பொறிஞனிடத்து உள்ளது. நினையாமையும் பகைமையும் கைகோத்த இடத்தில்தான் அணை எழுகின்றது. ஆகவே ஆசிரியர் கடிவது பொறியை அன்று. பிறர் வாழ்வைத் தன் கணக்கிற் சேர்க்காத அறிவையும், அவ்வறிவை ஏவிக்கொள்ளும் ஆட்சியையுமே கடிகின்றார்.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத் தக்கது. சிவதராயின் வயல்கள் அணையால் வறண்டு கிடந்த காட்சி நாடகத்தில் எங்கும் இல்லை. அணை முடிந்த அன்றே கதை தொடங்கி அன்றிரவே முடிகின்றது. நீர் நின்றதனால் வந்த துன்பத்தினும், நீரை நிறுத்த முடியும் என்ற நிலையே ஆசிரியர் கண்முன் நிற்கின்றது. நிறுத்த வல்லவன் நிறுத்தாமல் இருக்கும் காலத்தும் கீழ்நாட்டான் அவன் முகம் நோக்கியே வாழ வேண்டியவனாகின்றான். அணையின் அரசியல் இதுவே. இதனை 1922 இலேயே கண்டு காட்டியது இந்நாடகத்தின் தனிப்பெருஞ் சிறப்பு என்று கருதுகின்றோம்.

மூன்று அடைப்புகள்

நாடகத்தில் அடைப்பு ஒன்றன்று, மூன்று. அருவியின் அடைப்பை எல்லோரும் காண்பர். நந்திக் கணவாயின் அடைப்பைக் கதையின் கிளைநிகழ்ச்சியாகக் கொண்டு விடுவாரும் உளர். அவ்வாறு விடுதல் பொருந்தாது. கணவாய் அடைபட்டிருந்த வரையில் சிவதராயின் விளைபொருள் உத்தரகூடத்தையன்றிப் பிற சந்தை காணவில்லை. வாங்குவோன் ஒருவனே ஆகலின் விலையும் அவன் வைத்ததே ஆயிற்று. கணவாய் திறந்தவுடன் உத்தரகூடத்துக் குடிமக்கள் கொதித்தெழுந்தமைக்குக் காரணம் நாட்டுப்பற்று மட்டுமன்று. தம் வாழ்வின் மலிவு போயிற்றே என்னும் வருத்தமும் ஆகும். கணவாயை அடைத்தலும் அருவியை அடைத்தலும் ஒரே கொள்கையின் இரு கருவிகள். முன்னது கைநழுவவே பின்னது இன்றியமையாததாகின்றது. இக்காரண காரியத் தொடர்பை உணராதார்க்கு, அணை ஒரு பொறிஞனின் செருக்காக மட்டுமே தோன்றும்.

மூன்றாம் அடைப்பு பள்ளிக்கூடத்தில் உள்ளது. ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களை அரசன்முன் அழைத்து வந்து வாழ்த்தொலி எழுப்பச் செய்கின்றார். சிவதராய் மக்கள் தீயவர் என்பதற்குக் காரணம் கேட்டால், அவர்தம் சமயம் தீயது எனவும் அவர்க்கு உயர்ந்த மூக்கில்லை எனவும் பிள்ளைகள் ஒப்பிக்கின்றனர். படிப்போர் நகைப்பர். நகைத்த பின்னர் நடுக்கமும் பிறக்கும். நீரை அடைக்க விபூதிக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. இவ்வடைப்பைக் கட்டப் பாடவேளை ஒன்றே போதியதாகின்றது. அருவியின் அணையை இளவரசன் உடைத்தான். இவ்வணையை உடைத்தவர் நாடகத்தில் எவருமில்லை. நீர் பாய்ந்த மறுநாளும் அப்பிள்ளைகள் அதே பாடத்தைத்தான் ஒப்பித்திருப்பர் என்று எண்ணும்போது, நாடக முடிவின் வெற்றி எத்துணைக் குறுகியது என்பது புலனாகும்.

தமிழ் மரபில் நீர்ச்சிறை

தமிழில் அணைக்குச் 'சிறை' என்பதும் பெயர். பெருகி வரும் புனலைத் தாங்கி நிற்கும் கற்சிறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல், படையைத் தனித்து நின்று தடுக்கும் வீரனுக்கு உவமையாக்குகின்றது. நீரைத் தடுப்பதும் மனிதனை அடைத்து வைப்பதும் ஒரு சொல்லால் வழங்கும் மொழியில் நின்று 'முக்ததாரா'வை நோக்குவார்க்கு, அருவி சிறைப்பட்ட நாளில் இளவரசனும் சிறைப்பட்டான் என்னும் அமைப்பு தனியே விளங்கித் தோன்றும்.

ஆயினும் நம் முன்னோர் நீர்ச்சிறையைப் பழித்திலர், போற்றினர். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரை புறநானூற்றின் 18 ஆம் பாட்டு. உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோர் ஆவர் என்பதை அடிப்படையாக்கி, நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்குவோரே புகழைத் தேக்குவோர் என்னும் கருத்தை அப்புலவர் அரசன் செவியில் இடுகின்றார். மறுபுறம், பகைவர் காவற்குளங்களில் களிற்றைப் படிவித்துக் கலக்கும் செயலும் புறப்பாடல்களில் வென்றியாகப் பேசப்படுகின்றது. எனவே நீர், உயிர் வளர்க்கும் பொருளாகவும் போர்க் கருவியாகவும் நம் இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டையும் ஒரே அணை செய்யக்கூடும் என்பதுதான் தாகூர் நாடகம் சேர்க்கும் புதுக் கருத்து. தேக்குதலே தடுத்தலும் ஆகும்; தேக்கியவன் எவர்பொருட்டுத் தேக்கினான், எவரைக் கேட்டுத் தேக்கினான் என்பவையே அறத்தையும் அறமின்மையையும் பிரிக்கும் கோடுகள்.

நாடகமும் கங்கையும்

தாகூர் இளமையில் தம் குடும்ப நிலங்களைக் கண்காணித்துக்கொண்டு பத்மா ஆற்றங்கரைச் சிலைதகாவில் வாழ்ந்தவர். கங்கையே வங்கத்தின் கீழ்ப்பகுதியில் பத்மா எனப் பெயர் பெறுகின்றது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையால் சிலைதகா கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்தது. 1971 முதல் அது வங்காளதேசத்தில் உள்ளது. இந்தியாவின் நாட்டுப்பண்ணும் வங்காளதேசத்தின் நாட்டுப்பண்ணும் இவர் பாடல்களே. இவர் ஒருவரைத் தம் கவிஞராகக் கொண்டாடும் இரு நாடுகளுக்கிடையே, இவர் நாடகப் பொருளாகிய நீர்ச்சிக்கல் எழுந்தமை எண்ணத் தக்கது.

மேற்கு வங்கத்தின் முர்சிதாபாத் மாவட்டத்தில், எல்லைக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், பரக்கா என்னுமிடத்தில் கங்கைக்குக் குறுக்கே தடுப்பணை கட்டும் பணி 1961 இல் தொடங்கிற்று. 1975 ஏப்பிரலில் அணை இயங்கத் தொடங்கியது. நொடிக்கு 40,000 கன அடி வரை நீரைக் கால்வாய் வழியே பாகீரதி-ஊக்ளிக்குத் திருப்பி, கல்கத்தாத் துறைமுகத்தைத் தூர்க்கும் வண்டலை அகற்றுதல் அதன் நோக்கம். அயலாரைப் பணிய வைத்தல் அதன் நோக்கமாகக் கூறப்படவில்லை. இவ்வகையில் பரக்கா முக்ததாராவின் அணை அன்று. நாடகத்தில் சிவதராய் ஆட்சிக்கு உட்பட்ட நாடு. வங்காளதேசமோ தன்னுரிமை பெற்ற நாடு. இவ்வேறுபாடுகளை மறைத்து இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் ஆராய்ச்சியாகாது.

ஆயினும் ஒப்புமை இல்லாமற் போகவில்லை. கோடையில் நீர் குறையும் காலத்தில் திறவுகோல் மேல்நாட்டார் கையிலேயே இருந்தது. 1976 மே 16 அன்று மௌலானா பாசானி இராசசாகியிலிருந்து பெருந்திரளான மக்களைப் பரக்கா நோக்கி நடத்திச் சென்றார். அவ்வாண்டே வழக்கு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை வரை சென்றது. 1977 இல் ஐந்தாண்டு உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. பின்வந்த இடைக்கால ஏற்பாடுகள் 1988 இல் முடிந்தன. அதன்பின் 1996 வரை நீரைப் பங்கிடும் உடன்பாடு ஏதும் இல்லை. அவ்வெட்டு ஆண்டுகளில் கீழ்நாட்டார்க்கு உரிமை எழுத்தில் இல்லை. மேல்நாட்டாரின் நல்லெண்ணமே எல்லையாய் நின்றது. நோக்கம் தீதன்று எனினும் நிலைமை சிவதராயின் நிலைமையே ஆயிற்று. தீய எண்ணம் இன்றியும் அணை ஆட்சியாக மாறும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

விபூதிக்கு எதிர்நிலையான பொறிஞரையும் வங்கம் கண்டது. மேற்கு வங்கப் பொறிஞர் கபில் பட்டாசாரியா, பரக்காத் திட்டம் துறைமுகத்தைக் காவாது, மேற்பகுதியில் வண்டலையும் வெள்ளத்தையும் பெருக்கும் என்று 1960களிலேயே எச்சரித்தார். அதற்காக அவர் அயல்நாட்டுக்குத் துணைபோகின்றவர் எனத் தூற்றப்பட்டார். கணவாயைத் திறந்த இளவரசனை உத்தரகூடத்தார் தூற்றியதும் இத்தகையதே. 2016 இல் கங்கை வெள்ளத்தால் இடர்ப்பட்ட பீகாரின் முதலமைச்சர் நிதீசு குமார், பரக்கா அணையை அகற்றுதல் வேண்டும் என்று கேட்டார். அணையின் தீமை கீழ்நாட்டோடு நில்லாமல் மேல்நாட்டையும் எட்டும் என்பது நாடகத்தில் அம்பாவின் கண்ணீராகக் காட்டப்பட்டுள்ளது. அவள் உத்தரகூடத்துத் தாய், சிவதராயினள் அல்லள்.

நாடகத்தின் குறை

இனி, நாடகத்தின் குறைகளையும் மறையாது கூறுதல் வேண்டும். அணை உடைந்தவுடன் பாய்ந்த வெள்ளம் கீழுள்ள ஊர்களை என் செய்தது? நாடகம் வாய் திறக்கவில்லை. குறியீட்டு நாடகத்தில் இவ்வினாவே பொருந்தாது என்பார் உளராகலாம். பஞ்சத்தையும் வரியையும் கம்பளி விலையையும் மெய்ம்மையோடு காட்டிய நாடகம், வெள்ளத்தை மட்டும் தாயின் அணைப்பாகக் காட்டி நின்றுவிடுதல் ஒருதலைச் சார்பாகும் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சிவதராய்க்கு விடுதலை சிவதராயிலிருந்து வரவில்லை. உத்தரகூடத்து இளவரசனின் உயிர்க்கொடையாக வருகின்றது. தனஞ்சய வைராகி அம்மக்களின் தலைவர். அடித்தாலும் அஞ்சாமை, வரி கொடாமை, திருப்பி அடியாமை ஆகியவற்றை அவர் கற்பிக்கின்றார். அவரைக் காந்தியடிகளின் சாயல் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. 1909 இல் வந்த 'பிராயச்சித்தம்' என்னும் நாடகத்திலேயே தாகூர் இப்பாத்திரத்தைப் படைத்து விட்டார். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து மீண்டது 1915 இல். அது நிற்க. மக்கள் தம்மையே பற்றுக்கோடாகக் கொண்டு தம் வலிமையை இழக்கின்றனரே என்று தனஞ்சயரே வருந்துகின்றார். தாகூர் இக்குறையை அறியாதவர் அல்லர். அறிந்தும், அம்மக்களுக்கு அணையைப் பற்றிய வழக்கில் ஓரிடம் அமைத்துக் கொடுத்தாரல்லர். அவர்கள் நீரை இழப்பவராகவும் பின் பெறுபவராகவுமே நின்றுவிடுகின்றனர்.

அபிஜித்தின் செயல் அருளன்று, கடன் என்று மறுப்பார்க்கும் இடமுண்டு. அவன் அருவியைத் தாயாகக் கொண்டவன். நீருக்குப் பிறந்தவன் மேல்நாட்டானும் அல்லன், கீழ்நாட்டானும் அல்லன். தன் தாயைச் சிறைமீட்டான் என்பதே பொருந்தும். இது கவிஞரின் உயர்ந்த கற்பனை. ஆயினும் ஒரு நாட்டின் நீர்வாழ்வு, அருவியருகே கண்டெடுக்கப்படும் மகவு ஒன்று அரண்மனையில் வளர்தலைச் சார்ந்து நிற்றல் இயலாது. இளவரசர் பிறவாத காலத்தும் வயலுக்கு நீர் வேண்டும்.

இவ்விடத்தில் 1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவும் வங்காளதேசமும் செய்த கங்கை நீர் உடன்படிக்கையை நாடகத்தின் அருகில் வைத்துப் படித்தல் பயன் தரும். சனவரி முதல் மே முடிய, பத்து நாட்களுக்கு ஒரு கணக்காக அது நீரைப் பங்கிடுகின்றது. பரக்காவில் நொடிக்கு 70,000 கன அடியோ அதனிற் குறைவோ இருப்பின் இரு நாட்டிற்கும் பாதி பாதி. 70,000 முதல் 75,000 வரை இருப்பின் வங்காளதேசத்துக்கு 35,000, எஞ்சியது இந்தியாவுக்கு. 75,000 இற்கு மேற்படின் இந்தியாவுக்கு 40,000, எஞ்சியது வங்காளதேசத்துக்கு. பரக்காவிலும் பத்மாவின் மேலுள்ள ஆர்டிஞ்சு பாலத்தருகிலும் கூட்டுக் குழுவினர் நாள்தோறும் நீரை அளக்கின்றனர். அணையின் மறை விபூதி ஒருவன் அறிவில் அடங்கியிருந்த நிலைக்கு இது மறுதலை. அளவை இருவரும் அறிவர் எனின், திறவுகோலில் ஒரு பாதி கைமாறியது போலாகும்.

இவ்வுடன்படிக்கையும் குறையுடையதே. நீர் 50,000 கன அடிக்குக் கீழ் இறங்கின் இரு அரசும் உடனே கலந்து பேசுக என்பதோடு அது நின்றுவிடுகின்றது. நீர் மிகக் குறைந்து உரிமை மிக வேண்டப்படும் பொழுதில் எண் மறைந்து பேச்சு தொடங்குகின்றது. உடன்படிக்கையின் 30 ஆண்டு எல்லை 2026 டிசம்பரோடு முடிவதாக எழுதப்பட்டுள்ளது. தீசுத்தா ஆற்றைப் பற்றிய ஏற்பாடு 2011 இல் மேற்கு வங்க அரசின் மறுப்பால் கையெழுத்தாகாமல் நின்றது. இவ்வாறெல்லாம் குறைபட்ட எழுத்தே ஆயினும், கீழ்நாட்டானை வேண்டி நிற்பவனாக வையாமல் உடன் அமர்பவனாக வைக்கின்றது. நாடகம் காணாத இடம் அதுவே.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், 'முக்ததாரா' பொறியைப் பழிக்க எழுந்ததன்று என்பதும், நீரை நிறுத்த வல்ல நிலையே ஓர் ஆட்சி என்பதை உணர்த்த எழுந்தது என்பதும், அவ்வாட்சிக்குச் சந்தை அடைப்பும் பள்ளிப் பாடமும் துணைக்கருவிகள் என்பதும் பெறப்பட்டன. கொடுமையைக் கண்டறிவதில் தாகூரின் கண் மிகக் கூரியது. அதனைத் தீர்க்கும் வகையில் அவர் கொடையைக் காட்டினார், உரிமையைக் காட்டினாரல்லர். கொடைக்கு ஓர் இரவு போதும். உரிமையோ ஆண்டுதோறும் கோடைதோறும் அளந்து காக்கப்பட வேண்டுவது. அது நாடக மேடைக்கு எளிதில் வாராத பொருள்.

எனினும் பின்னதற்கு முன்னது வேண்டப்படும். கீழ்நாட்டு உழவனின் வயலைத் தன் கணக்கிற் சேர்த்து எண்ணும் உள்ளம் மேல்நாட்டில் ஒருவர்க்கேனும் இல்லையெனின், உடன்படிக்கைக்கு முதற்சொல் எங்கிருந்து வரும்? அவ்வுள்ளத்தைப் படைத்துக் காட்டியமையால் இந்நாடகம் இன்றும் பயிலத் தக்கது. அதனைப் பயில்வோர், வானில் உயர்ந்து நின்ற இரும்புத் தலையை மட்டும் நினைவிற் கொள்ளாமல், மூக்கின் உயரத்தைப் பாடமாக ஒப்பித்த பிள்ளைகளையும் நினைவிற் கொள்க. உடைபடாமல் நின்ற அணை அதுவே ஆகலின் என்க.